கேஸ் யார் பேரில்

1

அச்சுக்குப் போகாத ஒரு துண்டறிக்கையின் கையெழுத்துப் படி என் மேசைமேல் கிடக்கிறது. 'சாலையில் போலீஸ்காரர் உங்களை நிறுத்தினால் எப்படி நடந்துகொள்வது' என்பது அதன் தலைப்பு. இந்த ஆங்கிலேய நகரத்துக்குப் புதிதாக வந்து சேரும் நம் நாட்டவருக்காக நகரசபையின் நலத்துறை அதை வெளியிடவிருந்தது. எழுதும் பொறுப்பு மூன்று வாரம் முன்புவரை என்னிடம் இருந்தது. இப்போது இல்லை. எடுத்துக்கொண்டவர்கள் மரியாதையாகவே எடுத்துக்கொண்டார்கள். அலுவலகத்தில் என் நாற்காலி என்ன ஆகும் என்பதைப் பிறகு கடிதம் மூலம் தெரிவிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். இந்த நாட்டில் எல்லாமே கடிதம் மூலம்தான் தெரியவரும்.

திண்டுக்கல்லை விட்டு வந்து இந்தப் பங்குனியோடு பன்னிரண்டு ஆண்டுகள் நிறைந்துவிட்டன. ஊரிலிருந்து எழுதுகிறவர்கள் குளிரைப் பற்றிக் கேட்கிறார்கள். அரிசி கிடைக்கிறதா என்று கேட்கிறார்கள். அவற்றுக்கெல்லாம் பதில் எழுதியிருக்கிறேன். யாரும் கேட்காத ஒன்றை இன்று எழுதுகிறேன்.

துண்டறிக்கையில் ஆறு விதிகள் முடிந்திருந்தன. வண்டியை ஓரமாக நிறுத்தி இருக்கையிலேயே இருங்கள், இறங்காதீர்கள் என்பது முதல் விதி. கேட்கும்வரை கையைச் சட்டைப்பைக்குள் விடாதீர்கள் என்பது இரண்டாவது. அவரை 'ஆபீசர்' என்றால் போதும், 'இன்ஸ்பெக்டர்' ஆக்காதீர்கள். சிரிக்காதீர்கள். அவருடைய மேலதிகாரியை உங்களுக்குத் தெரியும் என்று சொல்லாதீர்கள். சாலையில் நின்று வாதிடாதீர்கள். வாதிட வேறு இடம் உண்டு.

ஏழாவதற்கு எண்ணை மட்டும் போட்டுவிட்டு இரண்டு வாரம் வைத்திருந்தேன். என் மேலதிகாரி ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு அம்மையார். அவர் மேசை அருகே வந்து அதைப் பார்த்தார்.

"ஏழில் என்ன வரப்போகிறது?"

"கேட்ட கேள்விக்கு நடந்ததைச் சொல்லுங்கள் என்று எழுத நினைக்கிறேன்."

"அதை எதற்கு எழுத வேண்டும்? அது எல்லோருக்கும் தெரிந்ததுதானே?"

அவருக்கு என்ன பதில் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் இந்தக் குறிப்புகளுக்குத் தேவை இருந்திராது.

2

எங்கள் ஊரில் இந்த விதிகளை யாரும் எழுதி வைக்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தன.

போலீஸ்காரர் கையை நீட்டிய மாத்திரத்தில் சைக்கிளைவிட்டு இறங்கிவிட வேண்டும். இருக்கையில் அமர்ந்தபடி ஒரு காலை மட்டும் தரையில் ஊன்றிப் பேசுகிறவனுக்குத் திமிர் என்று பெயர். தோளில் கிடக்கும் துண்டு தானாகவே கைக்கு இறங்கிவிடும். சாதாரணக் கான்ஸ்டபிளை 'ஏட்டையா' என்றும், ஏட்டாக இருப்பவரை 'எஸ்.ஐ. ஐயா' என்றும் ஒரு படி உயர்த்தி அழைக்க வேண்டும். 'தெரியாம வந்துட்டேன்' என்பது முதல் வாசகம். அதைச் சொல்லும்போது தலையைச் சொறிந்துகொண்டு கொஞ்சம் சிரிக்க வேண்டும். அந்தச் சிரிப்பை அங்கே எவரும் கேலி என்று எடுத்துக்கொண்டதில்லை; வெட்கம் என்றே எடுத்துக்கொண்டார்கள். பிறகு, ஸ்டேஷனில் தெரிந்தவர் எவரேனும் இருந்தால் அவருடைய சௌக்கியத்தை விசாரிக்கலாம்.

பெரும்பாலும் விஷயம் இதோடு முடிந்துவிடும். சக்கரத்திலிருந்து வால் டியூபைக் கழற்றிக் காற்றை இறக்கிவிடுவார். வெயிலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவதுதான் தண்டனை.

சில நாட்களில் மட்டும் அப்படி முடியாது. ஸ்டேஷன் கணக்குக்கு வழக்கு வேண்டியிருக்கும். அன்றைக்குக் கான்ஸ்டபிள் நோட்டுப் புத்தகத்தை எடுத்து, "கேஸ் யாரு பேருல எழுத?" என்று கேட்பார். அந்தக் கேள்வியைக் கவனிக்க வேண்டும். தவறு செய்தவர் யார் என்று அவர் விசாரிப்பதில்லை. அதை அவர் தம் கண்ணாலேயே பார்த்திருப்பார். யார் ஏற்றுக்கொள்கிறீர்கள் என்றுதான் கேட்பார். இரண்டு பேர் இருந்தால் இழப்பதற்குக் குறைவாக உள்ளவன் தன் பெயரைக் கொடுப்பான். சர்க்கார் வேலைக்கு மனுப் போட்டவன் பெயரும், பெண் பார்க்க நாள் குறித்தவன் பெயரும் காகிதத்தில் ஏறக்கூடாது. லாரி முதலாளி கோர்ட்டுக்குத் தன் கிளீனரை அனுப்புவார். பெயர் கொடுத்தவனைப் பொய்யன் என்று ஊரில் எவரும் நினைத்ததில்லை. நல்ல மனுசன் என்பார்கள்.

நான் பொருளாதாரம் படித்த பட்டதாரி. செம்பட்டி, சித்தையன்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களில் அப்போது கிராம சேவக்காக வேலை பார்த்துவந்தேன். சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்று வாரம் ஒருமுறையாவது ஏதாவதொரு ஊர்ப் பொதுக்கூட்டத்தில் பேசுவேன். அந்தப் பேச்சுக்கும் மேற்படி வழக்கத்துக்கும் இடையே முரண்பாடு இருப்பதாக எனக்குத் தோன்றியதே இல்லை.

3

ஐம்பத்தைந்தாம் ஆண்டு, மாங்காய்க் காலம். இங்கிலாந்தில் படிப்பதற்கு எனக்கு இடம் கிடைத்திருந்தது. பாஸ்போர்ட்டுக்கு மனுச் செய்திருந்தேன். நடத்தைச் சான்றிதழில் தாசில்தாரின் கையெழுத்து வாங்க அன்று ஐந்து மணிவரைதான் நேரம். செம்பட்டியிலிருந்து வந்த பஸ் தாமதமாகி, நாலரைக்குத்தான் திண்டுக்கல் பஸ் நிலையத்தில் இறங்கினேன்.

அங்கே காதர் உட்கார்ந்திருந்தான். முனிசிபல் பள்ளியில் என்னோடு படித்தவன். எட்டாவதோடு நின்று, நத்தம் போகும் ஒரு தனியார் பஸ்ஸில் கிளீனராக இருந்தான். இரண்டு நாள் முன்பு பஸ் கூரையிலிருந்து மாங்காய்க் கூடையை இறக்கும்போது அது அவன் வலது பாதத்தில் விழுந்திருந்தது. கணுக்கால்வரை பெரிய கட்டு.

"என்ன பி.ஏ., வேர்த்து ஊத்துது? கப்பலு இன்னைக்கேவா?"

விஷயத்தைச் சொன்னேன்.

"இதுக்கா மூச்சு வாங்குற? எஞ் சைக்கிள் இங்க நிக்குதுல்ல. நீ மிதி மாப்ளே, நான் பின்னால உக்காந்துக்கிறேன். கையெழுத்து வாங்கிட்டு என்னைய வீட்டுல கொண்டுபோயி விட்டுரு. இந்தக் கால வச்சுக்கிட்டு நான் எங்கிட்டு நடக்குறது?"

மணிக்கூண்டு அருகே போக்குவரத்துக் கான்ஸ்டபிள் மாட்டு வண்டி ஒன்றுக்கு வழிவிட்டுக் கையை நீட்டிக்கொண்டிருந்தார். நான் கையைப் பார்த்தேன். மணிக்கூண்டில் மணியையும் பார்த்தேன். தலையைக் குனிந்துகொண்டு அந்தக் கைக்கு அடியிலேயே போய்விட்டேன். மாட்டின் மூச்சு என் முழங்காலில் பட்டது.

"ஏலே, நில்லுலே!"

நின்றோம். நான் இறங்கினேன். கான்ஸ்டபிள் நடுத்தர வயதினர்; பகலெல்லாம் வெயிலில் நின்று கண்கள் சிவந்திருந்தன.

"நான் கைய எதுக்கு நீட்டிருக்கேன்? துணி காயப் போடவா?"

"மன்னிக்க வேண்டும். மிகவும் அவசரமான அலுவல். தாலுகா ஆபீஸ்..."

"ஓ, படிச்சவரு. அப்ப நல்லதாப் போச்சு. பேரத் தப்பில்லாமச் சொல்லுவீங்க. டபுள்ஸு, கைய மதிக்காம வந்தது, ரெண்டு இருக்கு. சொல்லுங்க."

நோட்டுப் புத்தகம் வெளியே வந்துவிட்டது. என் வாய் திறந்திருந்தது. என் பெயர் வெளியே வரவில்லை.

காதர் கேரியரிலிருந்து ஒற்றைக் காலில் குதித்து இறங்கினான்.

"ஏட்டையா, ஏட்டையா! அவரு பின்னால சும்மா உக்காந்து வந்தவரு. மிதிச்சது நாந்தேன்."

கான்ஸ்டபிள் அவன் பாதத்தைக் குனிந்து பார்த்தார்.

"கால்ல இம்புட்டுக் கட்டு. இத வச்சு நீ மிதிச்ச?"

"அதனாலதேன் ஐயா நிப்பாட்ட முடியல. நல்ல காலா இருந்தா ஒங்க கையத் தாண்டிப் போவேனா?"

பக்கத்து சர்பத் கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கான்ஸ்டபிளின் மீசையும் ஒரு பக்கமாக அசைந்தது.

"சரிப்பா. யாரு மிதிச்சான்னு நான் கேக்கல. கேஸ் யாரு பேருல எழுத? அத மட்டும் சொல்லுங்க."

அதைக் கேட்டபோது அவர் பார்த்தது என்னைத்தான். நான் என் கையிலிருந்த காகிதங்களைப் பார்த்தேன். காதர் தன் பெயரையும் தன் அத்தாவின் பெயரையும் சொன்னான். அவர் எழுதிக்கொண்டு, பின்சக்கரத்தின் காற்றையும் இறக்கிவிட்டார்.

தாலுகா ஆபீசுக்கு நான் ஓடினேன். ஐந்துக்குச் சில நிமிடம் இருக்கும்போது கையெழுத்துக் கிடைத்தது. திரும்பி வந்தபோது காதர் சர்பத் கடை பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான்.

"ஆச்சா?"

"ஆச்சு."

"அப்பறம் எதுக்கு மூஞ்சியத் தொங்கப் போடுற? ஒன் பேருல கேஸ் இருந்தா போலீஸ் விசாரணையில கப்பலு போச்சு. எனக்கு என்ன? பஸ்ஸுக்குப் பின்னால தொங்குற பய."

"கோர்ட்டுக்கு நான் வாரேன் காதர். நடந்ததச் சொல்லிடுறேன்."

"வா. வந்தா ஒனக்குச் சோடா வாங்கித் தாரேன்."

அவன் பஸ்ஸுக்குப் பின்னால் தொங்குகிறவன் மட்டும் இல்லை என்பது எனக்குத் தெரியும். கனரக வண்டி ஓட்டும் லைசென்ஸ் அவனுக்கு அந்த மாதம்தான் வந்திருந்தது. அதை முதலில் கொண்டுவந்து காட்டியது என்னிடம்தான். கால் ஆறியதும் நத்தம் பஸ்ஸை அவனிடமே ஓட்டக் கொடுப்பதாக பஸ் முதலாளி சொல்லியிருந்தார். அன்று சர்பத் கடையில் அவன் அதைப் பற்றிப் பேசவில்லை. நானும் பேசவில்லை.

4

வழக்கு ஒரு புதன்கிழமை, சப் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் வந்தது.

செவ்வாய்க்கிழமை முழுவதும் விளைவுகளைச் சீர்தூக்கிப் பார்த்தேன். நான் உண்மையைச் சொன்னால் போலீஸ் விசாரணை கெடும்; பாஸ்போர்ட் கிடைக்காது; என் படிப்பால் பிற்காலத்தில் பலருக்கு விளையக்கூடிய நன்மையும் இல்லாமல் போகும். தவிர, காதர் போலீசிடம் பொய் சொன்னான் என்றும் ஆகும். அப்படியானால் அவனுக்கு இரட்டைத் தண்டனை கிடைக்கலாம். ஆகவே அவனுடைய நன்மையை முன்னிட்டும் நான் போகாமலிருப்பதே தகும். இந்தக் கடைசிக் காரணத்தைக் கண்டுபிடித்தபோது இரவுச் சாப்பாடு இறங்கியது நினைவிருக்கிறது.

புதன்கிழமை காலை சித்தையன்கோட்டைக்குப் போய் எருக்குழி வெட்டும் முறையை விவசாயிகளுக்கு விளக்கினேன். பிறகு குடிமக்களின் கடமைகள் பற்றி அரைமணி நேரம் பேசினேன். கை தட்டினார்கள்.

கோர்ட்டில் காதர் குற்றத்தை ஒப்புக்கொண்டான். அபராதம் விதித்தார்கள். அது ஒரு பொருட்டில்லை. ஆனால் அன்று அதே கோர்ட்டில் வேறொரு வழக்குக்காக அவனுடைய பஸ் கம்பெனி மேனேஜர் உட்கார்ந்திருந்தார். கை காட்டியும் நிற்காமல் போனவன் என்று ஒருவனுடைய பெயரைக் கூப்பிடுவதை அவர் கேட்டார். 'சைக்கிளையே நிப்பாட்டத் தெரியாதவன் கையில அம்பது உசுரக் குடுக்கவா?' என்று முதலாளியிடம் சொன்னாராம். நத்தம் பஸ் வேறொருவனுக்குப் போயிற்று. காதர் சில மாதம் கிளீனராகவே தொங்கினான். பிறகு பேகம்பூர்ப் பக்கம் தோல் பதனிடும் ஒரு ஷாப்பில் தோல்கட்டுத் தூக்கும் வேலைக்குப் போனான். இவையெல்லாம் மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியவந்தன.

மறு ஆண்டு நான் புறப்பட்ட அன்று ரயில் நிலையத்துக்கு அவன் வந்திருந்தான். கைகளில் தோல் ஷாப்பின் சுண்ணாம்பு வாடை. மாலை போட்டவர்கள் நகர்ந்த பிறகு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். வழியில் சாப்பிடுவதைப் பற்றி, மெட்ராஸில் திருடர்களைப் பற்றி ஏதேதோ சொன்னான். வண்டி அசையும்போதுதான், வேறொரு பேச்சின் நடுவே சொல்வதுபோல் அதைச் சொன்னான்.

"அன்னைக்கு நீ வருவியோன்னு கோர்ட்டு வாசல்ல செத்த நேரம் நின்னேன் மாப்ளே. பெறவு பேரக் கூப்புட்டுட்டாங்க. போயிட்டேன்."

குரலில் குறை ஏதும் இல்லை. நடந்ததைத் தெரிவித்தான், அவ்வளவுதான். நான் கையசைத்தேன்.

இங்கு வந்து அவனுக்கு இரண்டு கடிதம் எழுதினேன். இரண்டுக்கும் யாரையோ கொண்டு பதில் எழுதி அனுப்பினான். மூன்றாவதை நான் எழுதவில்லை.

5

என் மகன் பழனிவேலுக்கு இப்போது பதினேழு வயது. ஏழு வயதில் தாயோடு வந்து சேர்ந்தான். பள்ளியில் அவனைப் 'பால்' என்று கூப்பிடுகிறார்கள். நான் தமிழில் கேட்பதற்கு ஆங்கிலத்தில் பதில் சொல்கிறான். தாயோடு மட்டும் தமிழ் பேசுகிறான், அதுவும் சாப்பாட்டைப் பற்றி.

குடும்பப் பெயர் பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும். நம்மிடம் முதலெழுத்து உண்டு. இவர்களுடைய படிவத்தில் முதலெழுத்துக்கு இடமில்லை. முதல் அலுவலகத்தில் என் தந்தையின் பெயரை விரித்து எழுதச் சொன்னார்கள். எழுதினேன். அன்றுமுதல் நான் மிஸ்டர் கருப்பண்ணன். என் மகனும் மிஸ்டர் கருப்பண்ணன். செம்பட்டிச் சந்தைக்குக் கத்தரிக்காய் சுமந்த மனிதர், எங்கள் இருவருடைய காகிதங்களிலும் இருக்கிறார்.

சென்ற நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், பழனி எங்கள் பழைய காரை ஓட்டிப் பழகிக்கொண்டிருந்தான். கற்றுக்கொள்கிறவர் என்பதைக் காட்டும் பலகைகள் முன்னும் பின்னும் கட்டியிருந்தன. சட்டப்படி நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அந்தி நெருங்கிக்கொண்டிருந்தது, மழைத் தூறல். கட்டாயம் நின்று போக வேண்டிய ஒரு குறுக்குச் சாலையில் அவன் நிற்காமல் திரும்பினான். பக்கவாட்டில் வந்த பால் வண்டி வழுக்கி நின்றது. எவருக்கும் அடியில்லை. சிறிது தூரத்தில் போலீஸ் கார் ஒன்று எங்களுக்குப் பின்னால் வந்து நிற்கச் சொன்னது.

அதன் பிறகு நடந்தவற்றை நான் சிந்தித்துச் செய்யவில்லை. வண்டி நின்றதும் இறங்கினேன். "நீயும் இறங்கு" என்றேன். தலையிலிருந்த கம்பளித் தொப்பி என் கைக்கு வந்துவிட்டது. பின்னாலிருந்து நடந்துவந்த இளம் கான்ஸ்டபிளை நோக்கிப் பாதி தூரம் போய், "இன்ஸ்பெக்டர்" என்றேன். சிரித்துக்கொண்டிருந்தேன்.

"உங்களில் யார் ஓட்டியது?" என்று கேட்டார்.

பன்னிரண்டு ஆண்டுகளாக இந்த மொழியில் வேலை செய்கிறேன். அந்த வாசகத்தில் கடினமான சொல் ஒன்றுகூட இல்லை. இருந்தும் நான் கேட்டது மணிக்கூண்டின் கேள்வியைத்தான். பையனுக்கு இன்னும் மூன்று வாரத்தில் ஓட்டுநர் தேர்வு. எனக்கு இழப்பதற்கு அவனைவிடக் குறைவாகவே இருந்தது.

"நான்தான்" என்றேன்.

பழனி என்னைப் பார்த்தான். கான்ஸ்டபிள் என்னையும், பலகைகளையும், அவனையும் பார்த்தார்.

"இவர் கற்றுக்கொண்டிருக்கிறார், ஆனால் அந்த நேரத்தில் ஓட்டியது நீங்கள்?"

"ஆமாம்."

அவர் எழுதிக்கொண்டார். எங்கள் ஊர்க்காரரைப் போல மீசைக்குள் சிரிக்கவில்லை. நான் சொன்னதை நம்பினார். அதை நான் எதிர்பார்த்திருக்கவில்லை.

வீடு திரும்பும்வரை நானே ஓட்டினேன். பழனி ஒரே ஒரு வாக்கியம் பேசினான். வெகு நாளைக்குப் பிறகு என்னிடம் அவன் பேசிய தமிழ் அது.

"என் தப்பு அது. அதை ஏன் எடுத்தீங்க?"

6

ஜனவரியில் கோர்ட்டிலிருந்து அழைப்பாணை வந்தது. கூடவே ஒரு படிவமும் இருந்தது. குற்றத்தை ஒப்புக்கொள்கிறவர் கையெழுத்திட்டு அஞ்சலில் அனுப்பினால் போதும். நேரில் வர வேண்டியதில்லை. மிக நாகரிகமான ஏற்பாடு. திண்டுக்கல்லில் பொய் சொல்கிறவன் கோர்ட்டு வாசல்வரையாவது நடந்து போக வேண்டும்.

படிவத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு நாங்கள் மூவரும் அதைச் சுற்றிப் பல நாள் சாப்பிட்டோம். இதற்குள் பழனி தேர்வில் தேறியிருந்தான். லைசென்ஸ் வந்த உறையை அவன் பிரிக்கவேயில்லை.

"கையெழுத்தப் போட்டு அனுப்பி விடுங்க" என்றாள் என் மனைவி மீனாட்சி. "இதுக்குப் போயி அம்புட்டு யோசனையா? பெத்த பிள்ளைக்கு ஒரு அப்பன் இதக்கூடச் செய்யக்கூடாதா?"

"அம்மா, நான் கேட்கலை" என்றான் பழனி.

"நீ எதத்தேன் கேட்ட? சோறு போட்டாக்கூடக் கேக்காமத்தேன் திங்கிற."

அவன் சிரிக்கவில்லை. ஆங்கிலத்துக்கு மாறினான். அப்பா இதில் கையெழுத்துப் போட்டால், இனி எப்போது வண்டியை எடுத்தாலும் தனக்கு அந்தக் குறுக்குச் சாலைதான் நினைவுக்கு வரும் என்றான். தவறைச் செய்ததற்காக இல்லை, சும்மா பக்கத்தில் நின்றதற்காக என்றான். அவன் பேசியது மீனாட்சிக்கு முழுதாகப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. சர்பத் கடைக்கு எதிரே காகிதங்களைப் பார்த்துக்கொண்டு நின்றவனைப் பற்றி அவன் பேசுவதாகவே தோன்றியது. அவனுக்கு அந்தக் கதை தெரியாது.

அன்று அவனிடம் அதைச் சொன்னேன். காதரின் காலைப் பற்றி, லைசென்ஸைப் பற்றி, நத்தம் பஸ்ஸைப் பற்றி. ரயில் ஜன்னலில் அவன் சொன்னதை, அவன் சொன்ன சொற்களிலேயே சொன்னேன். பழனி நடுவில் குறுக்கிடவில்லை. முடித்ததும், "நீங்க போகலையா?" என்று கேட்டான்.

"போகவில்லை."

அவன் எழுந்து தட்டைக் கழுவப் போனான்.

வழக்கம்போல விளைவுகளைச் சீர்தூக்கினேன். போலீஸ்காரரிடம் பொய் சொன்னதாக நானே ஒப்புக்கொண்டால், போலீசிடம் எப்படி நடந்துகொள்வது என்று மற்றவர்களுக்கு எழுதித் தரும் அலுவலகத்தில் என்னை வைத்திருக்க மாட்டார்கள். இனி நம்மவர் எவரேனும் உண்மையையே சொன்னாலும், 'உங்கள் நல அலுவலரே...' என்று அவர்கள் நினைக்கக்கூடும். தீங்கு என்னோடு நிற்காது. இவை வலுவான காரணங்கள். ஐம்பத்தைந்தில் கண்டுபிடித்த காரணங்களும் வலுவானவைதாம்.

படிவத்தை நிரப்பினேன். கையெழுத்திட வேண்டிய இடத்தை விட்டுவிட்டு உறையில் போட்டேன். உறை மேசையிலிருந்து என் கோட்டுப் பைக்குப் போனது. அதை அனுப்பினேனா என்று வீட்டில் எவரும் கேட்கவில்லை. அனுப்பவில்லை என்று நானும் சொல்லவில்லை. எனக்கே நிச்சயம் இல்லாததை என்னவென்று சொல்வது? விசாரணை நாள் வரும்வரை அந்த உறை பையிலேயே மடிந்து கிடந்தது. அஞ்சல் பெட்டியைத் தினமும் இருமுறை கடந்து போனேன். எனக்குக் குற்ற உணர்வோ பயமோ ஏற்படவில்லை. கை மரத்துப் போனால் அது இருக்கும் இடம் தெரியும், அதில் வேறொன்றும் தெரியாது, அப்படித்தான் இருந்தேன்.

7

விசாரணை நாள் மார்ச்சில் ஒரு புதன்கிழமை. அலுவலகத்துக்கென்று வீட்டைவிட்டுப் புறப்பட்டேன். பஸ் நிறுத்தத்தில் அலுவலகம் போகும் பஸ் முதலில் வந்தது. அதை விட்டேன். அது வேண்டுமென்று செய்த தீர்மானமா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. அடுத்த பஸ் கோர்ட்டு வழியாகப் போயிற்று. ஏறினேன்.

கோர்ட்டு கறுத்த கல் கட்டடம். படிகளில் ஈரம். மேல் படியில் கதவுக்குப் பக்கத்தில் பழனி நின்றுகொண்டிருந்தான். பள்ளிச் சீருடையில், கழுத்துப் பட்டையை இறுகக் கட்டிக்கொண்டு, இரண்டு கைகளையும் கோட்டுக்குள் விட்டிருந்தான். மூக்கு சிவந்திருந்தது. வெகு நேரமாக நின்றிருக்கிறான் என்று தெரிந்தது.

"பள்ளிக்கூடம் போகவில்லையா?" என்று கேட்டேன். அந்த வேளையில் அதுதான் வாயில் வந்தது.

"நீங்க வருவீங்களான்னு நின்னேன்" என்றான். "வரலைன்னா நானே உள்ள போயிச் சொல்லலாம்னு."

நான் அவனைக் கட்டிக்கொள்ளவில்லை. எங்கள் இருவருக்கும் அந்தப் பழக்கம் இல்லை. அவன் கதவைத் திறந்து பிடித்தான், உள்ளே போனோம்.

நீண்ட பெஞ்சு. எதிரே சுவரில் கடிகாரம். எங்களுக்கு முன்னால் சைக்கிள் விளக்கில்லாத ஒருவர், பிறகு கூடுதல் வேகத்துக்காக ஒரு மாது. அந்த அம்மாளின் வழக்கு முடிவதற்குள் கோட்டுப் பையிலிருந்த உறையை எடுத்து இரண்டாகக் கிழித்து மறுபடியும் பையிலேயே போட்டுக்கொண்டேன். குப்பைக்கூடை அருகில் இல்லை. பழனி அதைப் பார்த்தான். கழுத்துப் பட்டையைச் சரிசெய்துகொண்டான்.

கறுப்பு அங்கி அணிந்த சேவகர் பட்டியலைப் பார்த்துப் பெயரைக் கூப்பிட்டார்.

"மிஸ்டர் கருப்பண்ணன்."

இருவரும் எழுந்து நின்றோம். சேவகர் கண்ணாடிக்கு மேலாக எங்களைப் பார்த்தார். வயதானவர், பொறுமையாகவே கேட்டார்.

"உங்களில் யார்?"

"ஓட்டியவன் இவன்" என்றேன். "பொய் சொன்னவன் நான்."

அதைச் சொல்லி முடிக்கச் செத்த நேரம்கூட ஆகவில்லை.